வெட்டுவாய்

1

அழுகல் என்ற சொல் தமிழில் ஒரு நிலையைக் குறிக்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது. பழம் அழுகிவிட்டது என்றால் தூக்கி எறியலாம் என்று அர்த்தம். அதே சொல்லைச் சமூகத்துக்கும் கட்சிக்கும் மொழிக்கும் நீட்டும்போது, தூக்கி எறியலாம் என்ற அந்த அனுமதியும் கூடவே நீண்டுவிடுகிறது. நம் விமர்சனத்தில் ‘நசிவு’ என்ற வார்த்தைக்கு இந்த அனுமதி பலகாலம் இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் முற்போக்கு அணியைச் சேர்ந்தவர்கள் புதுக்கவிதையின் ஒரு பகுதியை நசிவு இலக்கியம் என்றார்கள். சிறுபத்திரிகைக்காரர்கள் வணிக எழுத்தை நோய் என்றார்கள், நச்சு என்றார்கள். சண்டை கடுமையாகவே நடந்தது. ஆனால் இரு தரப்பார் மனசிலும் இருந்த சித்திரம் ஒன்றேதான்: ஆரோக்கியமான ஒரு மரம், வெளியிலிருந்து வந்து அதைத் தின்னும் ஒரு கிருமி, கிருமி பிடித்த கிளையைக் கண்டறிந்து வெட்டி எறியும் ஒரு கை. அந்தக் கையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

உருவகங்களை அவை பிறந்த இடத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. நிஜமான ஒரு மரத்தை நிஜமாகவே அழுக வைக்கும் ஒரு பூஞ்சையை எடுத்துக்கொண்டு, இந்தச் சித்திரம் அதன்முன் நிற்கிறதா என்று பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்வது குளிர்நாடுகளின் பூஞ்சை. நம் புளியமரத்துக்கும் வேம்புக்கும் இதனோடு சம்பந்தம் இல்லை. அது ஒருவகையில் சௌகரியம். அந்தத் தோட்டங்களில் நமக்குப் பாத்தியதை கிடையாது. ஆகவே கோபமும் கிடையாது.

2

அதன் பெயர் காண்ட்ரோஸ்டீரியம் பர்பூரியம். 1794இல் பெர்ஸூன் வேறொரு பெயரில் இதை வர்ணித்தார். நெடுங்காலம் ஸ்டீரியம் பர்பூரியம் என்று வழங்கியது. இப்போதைய பெயரை 1959இல் செக் நாட்டுப் பூஞ்சையியலாளர் பூஸார் கொடுத்தார். காளான் என்றதும் நமக்குத் தோன்றும் குடையும் காம்பும் இதற்கு இல்லை. செத்த கிளையின் பட்டைமேல் பொருக்குத் தட்டினாற்போல் ஒட்டிப் படர்கிறது. ஓரம் மட்டும் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பின் மேற்புறம் நரைத்த ரோமம். அடிப்புறம் வழவழப்பான ஊதா. நாள்பட்டால் ஊதா வெளிறிப் பழுப்பாகிவிடும். பிளம், செர்ரி, ஆப்பிள், பாப்ளர், பிர்ச், வில்லோ என்று அகன்ற இலை கொண்ட மரங்களே இதன் இடம்.

நாம் காணும் இந்தப் பொருக்கு, முடிந்துபோன காரியத்தின் அடையாளம். காரியம் நடப்பது கட்டைக்குள்ளே. கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பரவி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் செல்லுலோஸையும் கரைத்துத் தின்கிறது. கிளை செத்தபிறகுதான் பொருக்கு வெளியே வருகிறது. அதன் ஊதாப் பரப்பிலிருந்து நுண்வித்துகள் ஈரக்காற்றில் கிளம்புகின்றன.

பிளம் மரத்தில் இந்த அழுகலுக்கு விசித்திரமான ஒரு முன்னறிவிப்பு உண்டு. இலைகள் வெள்ளி போல் மின்னத் தொடங்கும். இலைக்குள் பூஞ்சை கிடையாது. அது கீழே கட்டைக்குள் இருக்கிறது. அங்கிருந்து அது சுரக்கும் பொருட்கள் நீரோடு மேலேறி இலைக்குப் போகின்றன. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கும் ஓர் என்ஸைம் இதில் முக்கியமானது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலையின் மேல்தோல் அடியிலுள்ள பச்சைத் திசுவிலிருந்து விட்டுப்போகிறது. இடையில் காற்று புகுகிறது. அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் வெள்ளி. இலையில் புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. ஒட்டியிருந்தது விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரன் இதற்கு வெள்ளி இலை நோய் என்று பெயரிட்டான். பிரெஞ்சுக்காரன் ஈயம் என்றே சொன்னான். ஜெர்மன், டச்சு மொழிகளில் ஈயப் பளபளப்பு. ஒரே இலை, ஒரே மினுக்கம். ஒரு மொழிக்கு விலை உயர்ந்த உலோகமாகவும் பக்கத்து மொழிகளுக்கு மட்டமான, விஷமான உலோகமாகவும் தெரிந்திருக்கிறது. மொழிகளின் குணாதிசயம் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல நான் துணியவில்லை. ஆனால் கண்ணால் கண்டதற்குப் பெயர் வைக்கும் இடத்திலேயே மதிப்பீடு நுழைந்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

3

இலையின் மினுக்கத்துக்கும் கட்டையின் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பை 1902இல் நிறுவியவர் ஜான் பெர்சிவல். கெண்ட் மாகாணத்து வை நகர விவசாயக் கல்லூரியில் இருந்தவர். பூஞ்சையின் துண்டுகளை ஆரோக்கியமான மரத்தின் கட்டைக்குள் செருகினார், இலைகள் வெள்ளியாயின. கிருமியைக் கண்டுபிடித்தாயிற்று. நாம் தொடக்கத்தில் பார்த்த சித்திரத்தின்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பூஞ்சை முழு மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. பட்டையைத் துளைக்கும் சக்தி அதற்கு இல்லை. அதற்கு வேண்டியது ஒரு வெட்டுவாய், அதுவும் புதிய வெட்டுவாய். கிளையை அறுத்த கணத்தில் நீர்க்குழாய்களில் இருந்த நீர் உள்வாங்கும். மேலே விழுந்த வித்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சில வாரங்கள் கழிந்தால் மரம் அந்த வாயைப் பிசினாலும் வேறு பொருட்களாலும் உள்ளிருந்தே அடைத்துவிடும்; வித்து வந்தாலும் பயனில்லை. கோடையில் இந்த அடைப்பு வேகமாக நடக்கிறது. குளிர்காலத்தில் மரம் உறங்குகிறது, வாய் திறந்தே கிடக்கிறது. ஈரமான குளிர் மாதங்களில் காற்றில் வித்தும் அதிகம். எனவே ஆப்பிளைப் போல் பிளம்மையும் குளிர்காலத்தில் கவாத்து செய்தவன், தன் கையாலேயே கதவைத் திறந்து வைத்தவன் ஆகிறான்.

அப்படியானால் வெட்டாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதுவும் முடியாது. கவாத்து செய்யாத மரம் தாங்க முடியாத பாரத்தைக் காய்க்கும், கிளை முறியும், முறிந்த இடம் அறுத்த இடத்தைவிட மோசமான புண். இந்த நோய்க்கு எளிதில் இடம் கொடுப்பது என்று பேர் வாங்கிய விக்டோரியா பிளம், காய்ப்பின் பாரத்தில் கிளை முறிவதற்கும் பேர் போனது. வெட்டாதவன் நிரபராதி என்ற சௌகரியம் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளியாக மின்னும் எல்லா இலையும் இந்தப் பூஞ்சையால் மின்னுவதில்லை. வறட்சி, குளிர், சத்துக்குறைவு இவற்றாலும் இலை அப்படி ஆகும். பொய் வெள்ளி என்று அதற்குப் பெயர். வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கிளையைக் குறுக்காக அறுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் பழுப்புக் கறை இருந்தால் மெய், இல்லையென்றால் பொய். பொய் என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் அதுவரை நோயில்லாமல் இருந்த மரத்தில் ஒரு வெட்டுவாய் உண்டாகியிருக்கும். தெரிந்துகொள்ளும் முயற்சியே நோய்க்கு வழி. மெய்யாகவே வெள்ளி கண்ட மரங்களிலும் சில தாமாகவே தேறிவிடுகின்றன. அவற்றில் அவசரமாக வாளை வைத்தவன் தேறப்போகும் மரத்தைக் கெடுத்தவன்.

4

இப்போது டச்சு நாட்டுக்குப் போவோம். அங்கே இதே பூஞ்சைக்கு இன்னொரு சரித்திரம் இருக்கிறது.

வட அமெரிக்காவின் கருஞ்செர்ரி மரம் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்கு வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் டச்சு வனத்துறையினர் மணற்பாங்கான பைன் காடுகளுக்கு அடியில் இதை ஏராளமாக நட்டார்கள். உதிரும் இலை மண்ணை வளமாக்கும் என்பது நம்பிக்கை. மரம் நன்றாக வளர்ந்தது, வேண்டியதற்கு மேலாகவே வளர்ந்தது. மற்ற மரக்கன்றுகளுக்கு இடமில்லாமல் செய்தது. ஐம்பதுகளுக்குப் பிறகு, நட்டவர்களின் அடுத்த தலைமுறை அதற்குக் ‘காட்டின் கொள்ளைநோய்’ என்று பெயரிட்டு வெட்டத் தொடங்கியது. வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது. துளிர்க்காமலிருக்க ரசாயனம் தடவினார்கள். ரசாயனத்தின் மேல் அதிருப்தி வளர்ந்தபோது ஆராய்ச்சியாளர்களின் பார்வை நம் ஊதாப் பொருக்கின்மேல் விழுந்தது. புதிய வெட்டுவாயில் இந்தப் பூஞ்சையின் இழைகளைத் தடவினால் அடிக்கட்டை துளிர்க்காமல் செத்துப்போகிறது. தொண்ணூறுகளில் இது விற்பனைக்கே வந்தது, பிறகு நின்றுபோனது. கனடாவிலும் ஆல்டர் போன்ற மரங்களின் அடிக்கட்டைகளுக்கு இதே முறையில் பயன்பட்டிருக்கிறது.

கெண்டின் தோட்டத்தில் குற்றவாளி. டச்சுக் காட்டில் ஊழியன். பூஞ்சை இரண்டு இடத்திலும் ஒரே காரியத்தைத்தான் செய்தது. கருஞ்செர்ரியும் மாறவில்லை, ஒரே தலைமுறை இடைவெளியில் அது வரமாகவும் கொள்ளைநோயாகவும் ஆயிற்று. அதை ஒழிக்க முடியாது, அதோடு வாழக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லும் வனத்துறையினரும் இப்போது இருக்கிறார்கள். மூன்றாவது தீர்ப்பு.

5

இந்த இடத்தில் ஸ்பினோஸா ஞாபகத்துக்கு வராமல் இருக்க முடியாது. நன்மை தீமை என்பவை பொருள்களில் உள்ள குணங்கள் அல்ல, ஒன்றோடொன்று சேரும் விதத்தைப் பொறுத்து நாம் சொல்லும் பேச்சு என்பது அவருடைய நிலை. 1664இன் கடைசியிலும் 1665இலும் டோர்ட்ரெக்ட் நகரத்துத் தானிய வியாபாரி ப்ளையன்பெர்க் அவரோடு தீமை பற்றிக் கடிதப்போர் நடத்தினார். ஆதாம் தின்ற கனியை ஸ்பினோஸா விஷத்தின் கணக்கில் வைத்துப் பேசினார்: விலக்கப்பட்டதால் அது தீங்கானது அல்ல, அவன் உடலோடு ஒவ்வாததால் தீங்கானது, விலக்கு என்பது அதை முன்கூட்டித் தெரிவித்தது மட்டுமே. ப்ளையன்பெர்க் சமாதானமடையவில்லை. அப்படியென்றால் நல்லவனும் கொலைகாரனும் தத்தம் இயல்பின்படி நடக்கிறார்கள் என்று ஆகிவிடாதா என்று விடாமல் கேட்டார். ஸ்பினோஸா கடைசியில் அலுத்துப்போய்க் கடிதத் தொடர்பை நிறுத்திக்கொண்டார்.

பூஞ்சை விஷயத்தில் ஸ்பினோஸா சொல்வது சரி. ஊதாப் பொருக்கின்மேல் குற்றம் சுமத்த இடமில்லை. எல்லாம் பார்வையைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு இங்கேயே எழுந்து போய்விடலாம். நம் இலக்கியச் சர்ச்சைகள் அடிக்கடி அப்படித்தான் முடிகின்றன. ஆனால் தானிய வியாபாரியின் கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. பூஞ்சைக்குப் பொறுப்பு இல்லை என்றால் பொறுப்பு என்பதே இல்லை என்று ஆகாது. அது இருக்கும் இடம் வேறு. தோட்டத்திலும் காட்டிலும் மாறாமல் இருப்பது எது என்று பார்த்தால் அது வெட்டுவாய். தோட்டத்தில் அஜாக்கிரதையாகத் திறக்கப்பட்டது; காட்டில் வேண்டுமென்றே திறக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் பூஞ்சைக்கு முன்னால் ஒரு மனிதன் வாளோடு வந்து போயிருக்கிறான்.

6

டச்சு ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தப் பொறுப்பு தெரிந்தே இருந்தது. காட்டில் பூஞ்சையைத் தடவினால் அடிக்கட்டைகளில் பொருக்கு வரும், வித்து பறக்கும், தூரத்தில் பிளம் தோட்டங்கள் இருக்கின்றன. தெ யோங், ஸ்கேபென்ஸ், ஸடோக்ஸ் மூவரும் 1990இல் இந்த ஆபத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கேள்வியை அவர்கள் அமைத்துக்கொண்ட விதம் யோசிக்கத் தக்கது: காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்து சேரும் கூடுதல் வித்து எவ்வளவு? இயல்பாகவே அங்கே காற்றில் இருக்கும் வித்து எவ்வளவு? போதிய தூரத்தில், முன்னது பின்னதற்குள் அடங்கிவிடும் என்றால் ஆபத்தை ஏற்கலாம்.

செய்வதற்கு முன்னால் கணக்குப் பார்த்தார்கள் என்பதே பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தர்க்கத்துக்குள் ஒரு அறக்கோட்பாடு ஒளிந்திருக்கிறது: ஏற்கெனவே இருக்கும் கேடு, நான் சேர்க்கப்போகும் கேட்டுக்கு அளவுகோல். வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பரிச்சயமான பேச்சு. வாராக்கடன் ஏற்கெனவே இவ்வளவு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் விகிதம் பெரிதாக மாறாது என்பார்கள். விகிதம் மாறாது என்பது வாஸ்தவம். ஆனால் விகிதத்தில் யாரும் வாழ்வதில்லை. ஒரு மரம் போனவனுக்கு அந்த மரம் முழுசாகப் போகிறது.

இதற்கு எதிர்நிலையும் நிற்காது. ஒரு வித்துகூடக் கூடுதலாக வரக்கூடாது என்று தோட்டக்காரன் கேட்க முடியாது. அவன் வேலியோரத்தில் கிடக்கும் செத்த கிளையும் பக்கத்துத் தோட்டத்துக்கு வித்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கேதான் 1923ஆம் வருஷத்து ஆங்கிலேய ஆணை எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெள்ளி இலை ஆணை என்று பெயர். பிளம் மரங்களில் செத்த கட்டைகளை ஒவ்வொரு வருஷமும் ஜூலை 15க்குள் வெட்டி எரித்துவிட வேண்டும் என்றது. விவசாய இலாகாவின் வறட்டு உத்தரவுதான். ஆனால் அது எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்று கவனிக்க வேண்டும். நோய் கண்ட மரத்தை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. யார் தோட்டத்து வித்து யார் மரத்தைக் கொன்றது என்று விசாரிக்கவும் முற்படவில்லை, விசாரிக்க முடியாது. காற்றில் வரும் வித்துக்கு விலாசம் இல்லை. மரம் செத்தபின் பின்னோக்கிப் போய்க் குற்றவாளியைப் பிடிக்க வழியே இல்லாத இடத்தில், முன்கூட்டியே ஒவ்வொருவன் தலையிலும் அவனவன் பங்கை வைத்தது. தேதியும் போட்டது: பொருக்கு வித்து வீசும் பருவத்துக்கு முன்னால், வெட்டுவாய் சீக்கிரம் அடைபடும் கோடையில்.

நாம் சாதாரணமாகப் பொறுப்பு என்று சொல்லும்போது நினைப்பது நேர்மாறான ஒன்றை. தீங்கு நடந்துவிட்டது, செய்தவனைத் தேடு என்பதுதான் நம் அறத்தின் பழக்கம். கடவுளும் நீதிமன்றமும் விமர்சகனும் தீங்குக்குப் பிறகே வருகிறார்கள். தேடிக் கண்டுபிடிக்கவே முடியாத தீங்குகளில் இந்தப் பழக்கம் இரண்டு தப்பித்தல்களுக்கு இடம் தருகிறது: ஒன்று, எவனோ ஒருவனைப் பிடித்து எல்லாப் பழியையும் அவன்மேல் போடுவது, அல்லது, யாரையும் சொல்ல முடியாது, காலம் அப்படி என்று கைகழுவுவது. பின்னால் நிரூபிக்க முடியாத பொறுப்பை முன்னால் ஏற்றுக்கொள்வது ஒன்றுதான் மிஞ்சும் மூன்றாவது வழி. அதற்குத் தண்டனை பயம் ஆதாரமாக இருக்க முடியாது, ஏனென்றால் பிடிபட மாட்டோம் என்பது தெரியும்.

7

‘நசிவு’க்குத் திரும்புகிறேன். அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர்களை இன்று குற்றம் சொல்வது எளிது; நானும் அதே தேடும் பழக்கத்துக்குப் பலியாக வேண்டியதில்லை. அவர்கள் சில இலைகளில் ஒரு மினுக்கத்தைக் கண்டார்கள். மினுக்கம் நிஜமாகவே இருந்தது. வார்த்தையின் மேல்தோல் அனுபவத்திலிருந்து விட்டுப்போய், இடையில் காற்று புகுந்து பளபளக்கும் கவிதைகள் அப்போதும் எழுதப்பட்டன, இப்போதும் எழுதப்படுகின்றன. ஆனால் வறட்சியால் வெளிறிய இலைகளும் அவற்றோடு இருந்தன. மெய் வெள்ளி எது, பொய் வெள்ளி எது என்று வெளியே நின்று சொல்ல முடியாது. அறுத்துத்தான் பார்க்க வேண்டும். விமர்சனம் என்ற காரியமே அந்த அறுத்தல். அதைச் செய்யாமல் நாகரிகமாக விலகி நிற்பவன் முறியப்போகும் கிளைக்கு உடந்தை.

எனவே விமர்சகன் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதில் அழுகல் இருக்கிறதா என்பது மட்டுமல்ல. எந்தப் பருவத்தில் வெட்டுகிறேன்? இந்த மரத்துக்கு இப்போது வாயை அடைத்துக்கொள்ளும் தெம்பு இருக்கிறதா, அல்லது உறங்கிக் கிடக்கிறதா? முதல் தொகுதி போட்டவனின் குளிர்காலத்தில் நான் வாளோடு போய் நிற்கிறேனா? காற்றில் இப்போது என்ன மிதக்கிறது? நான் திறந்துவைத்த இடத்தில் எவனெவனோ புகுவான். என் வார்த்தையை நான் நினைத்தே பார்க்காத காரியத்துக்குக் கொண்டுபோவான். அது நான் செய்தது இல்லை என்று சொல்ல எனக்கு வழி இருக்கும். ஒருவரும் மறுக்க முடியாது.

மரங்களின் புண்களைப் பல வருஷம் அறுத்து ஆராய்ந்தவர் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ. மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளிப்புறமாகப் புதுக்கட்டை போட்டு வளர்கிறது என்பது அவர் காட்டியது. நம் தோலில் நடப்பதுபோல் பழைய திசு புதுப்பிக்கப்படுவதில்லை. வெட்டுவாய் அங்கேயே, வெட்டிய வருஷத்து வளையத்தில், மரத்தின் ஆயுள் முழுக்க இருக்கும். ஊதாப் பொருக்கின் காலமோ குறைவு. புதிய புண்ணில் முதலில் குடியேறுகிறவற்றில் அது ஒன்று. சில வருஷங்களில் வேறு பூஞ்சைகள் வந்து அந்தக் கட்டையை எடுத்துக்கொள்கின்றன, அது போய்விடுகிறது. பிறகு யாராவது அந்த மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணினால் எந்த வருஷம் வாள் பட்டது என்று சொல்லிவிடலாம். வித்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.